உதட்டில் ஒட்டும் பக்கம்

அந்தப் படத்துக்கான கண்ணாடி பிளேட் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து விரித்தால் எவ்வளவோ அவ்வளவு அகலம். ஒரு ஓரத்தில் சிறிய விரிசல். மற்றபடி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மதகின் மூன்று வளைவுகளும், இரும்பு ஷட்டரும், கற்படிகளும், படியில் நிற்கிற பெண்களும் அப்படியே தெரிகிறார்கள். போன மாதம் ஒரு தம்பி வந்தார். எங்கள் பக்கத்து வாய்க்காலின் பழைய படங்களைத் திரட்டி ஒரு மலர் போடப் போகிறார்களாம். இந்தப் படத்தின் கீழே 'வாய்க்கால் வெட்டிய பெண்கள்' என்று போட்டால் போதுமா என்று கேட்டார். போதாது என்றேன். ஏதாவது தகராறு நடந்திருந்தால் அதையெல்லாம் விட்டுவிடலாம், அந்தக் குடும்பங்கள் இன்னும் ஊரில் இருக்கின்றன என்று ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அந்தக் குடும்பங்களில் என் குடும்பமும் ஒன்றுதானே, ஐயா! நானே சொல்ல வாயைத் திறக்கும்போது நடுவில் நீங்கள் யார் கையைக் காட்டி அடக்க? எழுதுகிறேன். பிடித்தால் போடட்டும். பிடிக்காவிட்டால் இந்தக் காகிதத்தில் வடை மடித்துக்கொள்ளட்டும்.

அரியலூரில் ரயிலடிக்குப் போகிற சாலையில் என் வீட்டுக்காரர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். படம் எடுப்பது அவர். பிளேட்டைக் கழுவுவது, அச்சுப் போடுவது, முகத்தில் அம்மைத் தழும்பு இருந்தால் பென்சிலால் தொட்டு மறைப்பது எல்லாம் நான். உடையார்பாளையம் பக்கத்தில் நாலு ஏர் ஓடுகிற குடியானவர் வீட்டில் பிறந்தவள், கணவனோடு இருட்டறையில் நின்று மருந்துத் தட்டை ஆட்டிக்கொண்டிருக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் வாய் ஓயாமல் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது, அதில் எனக்குக் கர்வமும் இருந்தது. பிளேட்டின் ஒரு பக்கம் வெறும் கண்ணாடி. மறுபக்கத்தில்தான் படம் பதிகிற மருந்து பூசியிருக்கும். அச்சுப் போடும்போது மருந்துப் பக்கம் காகிதத்தோடு ஒட்டிப் படுக்கவேண்டும். மாற்றி வைத்துவிட்டால் படம் கொஞ்சம் மங்கும், இடது வலதாகிவிடும், வலது இடதாகிவிடும். சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் எந்தப் பக்கம் எது என்று கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. அதற்கு ஒரு வழி உண்டு. கீழ் உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டு பிளேட்டின் மூலையை அதில் வைத்து எடுக்கவேண்டும். மருந்துப் பக்கமாக இருந்தால் லேசாக ஒட்டிக்கொண்டு வரும். கண்ணாடிப் பக்கம் ஒட்டாது. யார் வீட்டுப் பிளேட்டாக இருந்தாலும் இதைச் செய்யாமல் நான் அச்சுப் போட்டதில்லை. ஒரே ஒரு தடவை தவிர.

யுத்தம் முடிந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். கொள்ளிடத்துக்கு வடக்கே மேற்கிலிருந்து கிழக்காக அந்த வாய்க்காலை வெட்டினார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துக் கொடுக்கச் சொல்லி எங்களுக்குச் சர்க்கார் வேலை வந்தது. இன்றைக்கு அரியலூரைச் சுற்றி சிமென்ட் ஆலைகள் புகை விடுகின்றன. அன்றைக்கும் எங்கள் மண்ணின் கல்தான் அந்த வாய்க்காலைக் கட்டியது. சுண்ணாம்புக் கல்லை மாட்டு வண்டியில் கொண்டுபோய்க் கரையோரத்துக் காளவாயில் சுட்டு, செக்கில் போட்டு மணலோடு அரைத்துக் காரையாக்கினார்கள். வட்டக் குழியில் பெரிய கல் உருளையை இரண்டு மாடுகள் சுற்றிச் சுற்றி இழுக்கும். ஷட்டர்கள் கூட்ஸ் வண்டியில் அரியலூருக்கு வந்து இறங்கின. அவற்றைக்கூட என் வீட்டுக்காரர் படம் எடுத்தார், ஸ்டேஷன் கூலிகள் கயிற்றோடு நிற்க. எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த படம் வெட்டின வாய்க்காலுக்கு நடுவே நிற்கிற மண் தூண்கள்தான். எவ்வளவு ஆழம் தோண்டினார்கள் என்று ஓவர்சீயர் அளந்து பார்ப்பதற்காக அங்கங்கே ஒரு முழ அகலத்துக்கு மண்ணைத் தொடாமல் விட்டுவைப்பார்கள். உச்சியில் பழைய தரையின் புல்கூட அப்படியே இருக்கும். அதற்குச் 'சாட்சி' என்று பெயர். அளவு முடிந்ததும் சாட்சியையும் வெட்டி எடுத்துவிடுவார்கள்.

அந்த வேலையில் பெண்கள் செட்டுக்குத் தலைவியாக இருந்தவளை எல்லோரும் மேஸ்திரி என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். வாய்க்காலின் வடகரையை ஒட்டி இருந்த சேரி அவளுக்கு. அப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம். நெட்டையான உடம்பு, தணிக்கவே தெரியாத குரல். இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் கிடையாது. காரைச் செக்கில் குழிக்குள் கையை விட்டு வழித்தபோது உருளை ஏறிவிட்டது. அடுத்த வாரமே துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டாளாம். வேப்பந்தட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஆண்கள் செட்டு, மூன்று விரலை வைத்துக்கொண்டு இவள் என்ன கூடை தூக்குவாள் என்று சிரித்ததற்கு, மிச்சமிருக்கிற மூன்றும் உங்கள் பத்துக்குச் சமம் என்று சொல்லிவிட்டுப் போனாளாம். இதை ஓவர்சீயரே எங்கள் ஸ்டுடியோவில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்த ஓவர்சீயர் நல்ல மனிதர். சேரிக்குத் தண்ணீர் என்பது எப்பேர்ப்பட்ட பாடு என்று அவருக்குத் தெரியும். ஊர்க் கிணற்றில் அவர்கள் மொள்ளக்கூடாது. யாராவது மனம் இரங்கி ஊற்றும்வரை குடத்தோடு தள்ளி நிற்கவேண்டும், இல்லாவிட்டால் கொள்ளிடத்து மணலில் ஊற்றுத் தோண்டப் போகவேண்டும். இப்போது வாசலிலேயே வாய்க்கால் வந்தும் என்ன பிரயோசனம்? கரை ஓர் ஆள் உயரத்துக்கு மேல் செங்குத்தாக இருந்தது. வெறும் குடத்தோடு இறங்கலாம், நிறை குடத்தோடு ஏறமுடியாது. மேஸ்திரி போய்க் கேட்டாள். பிளானில் இல்லாவிட்டாலும் மதகை ஒட்டி வடகரையில் பத்துப் பன்னிரண்டு படிகள் கட்டிக் கொடுக்க ஓவர்சீயர் ஏற்பாடு செய்தார். எதிர்க்கரை ஊர்க்காரர்களுடையது. அங்கே இறங்க அவர்களுக்கே ஆயிரம் வழி இருந்தது.

வேலை முடிந்த அன்றைக்கு என் வீட்டுக்காரர் காமிராவைத் தூக்கிக்கொண்டு போனார், நானும் கூடப் போனேன். பிளேட்டுக்குத் தட்டுப்பாடான காலம். அந்த அளவில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. மேற்கே இருந்த மரப்பாலத்தில் முக்காலியை நிறுத்தி, கிழக்கே மதகைப் பார்த்துக் காமிராவை வைத்தார். இரண்டு பக்கமும் புது மண் கரை, ஒரு செடிகூட முளைக்கவில்லை. இடது பக்கம் படிகள். அதன்மேல் மேஸ்திரியும் நாலைந்து பெண்களும் தலையில் குடத்தோடு வந்து நின்றுகொண்டார்கள். கன்ட்ராக்டர் அவர்களை நகரச் சொன்னார். படம் மதகுக்குத்தான், கூலியாட்களுக்கு அல்ல என்றார். மேஸ்திரி அசையவில்லை.

"படி எங்களுக்குன்னுதான கட்டுனீங்க? நாங்க இல்லாம எடுத்தா அது யாரு படின்னு நாளைக்கி யாருங்க சொல்லுவா?" என்றாள். "மண்ணு வெட்டுறப்ப நடுவுல சாட்சி வுடுறோம்ல? அப்புடி நெனச்சுக்குங்க. நான் நவுர மாட்டேன்."

ஓவர்சீயர் சிரித்துக்கொண்டே இருக்கட்டும் என்று கை காட்டினார். கறுப்புத் துணிக்குள்ளிருந்து என் வீட்டுக்காரர் ஆடாமல் நிற்கச் சொன்னார். தலையிலிருந்த குடத்தை மேஸ்திரி இடது கையால் பிடித்திருந்தாள். மூன்று விரல்களும் விரிந்து அழுத்தமாகத் தெரிந்தன. வேண்டுமென்றேதான் அந்தக் கையை உயர்த்தினாள் என்று நினைக்கிறேன்.

ஒரு வாரம் கழித்துக் காலையில் சுண்ணாம்பு வண்டியோடு அரியலூருக்கு வந்தவள் ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றாள். படத்தைப் பார்க்கவேண்டுமாம். இன்னும் அச்சுப் போடவில்லை என்று நான் சொல்லி வாயை மூடுவதற்குள் என் வீட்டுக்காரர் பிளேட்டை எடுத்துப்போய் அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். அவருக்கு இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. அவள் அதை மூலையில் கட்டை விரல் படப் பிடித்து வானத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். கறுப்பெல்லாம் வெளுப்பாகத் தெரியும் அல்லவா? தலைமுடி வெள்ளை, முகமும் வெளுப்பு. "என்னைய வெள்ளக்காரியா ஆக்கிப்புட்டீங்களே ஆயி" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிளேட்டைத் திருப்பிக் கொடுத்தபோது நேராக என் கையில் வாங்காமல், மேஜைமேல் வைக்கச் சொன்னேன். அவள் வைத்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் அந்தப் பிளேட்டில் வேலை செய்தேன். வானத்தில் ஒரு கீறல் இருந்தது. அதைப் பென்சிலால் மறைப்பதற்காகக் கண்ணாடிப் பக்கத்தில் மங்கல் வார்னிஷ் தடவினேன். அதனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மங்கிவிட்டன. சாயங்காலம் அச்சுப் போட இருட்டறைக்குள் போனேன். வழக்கப்படி பிளேட்டை உதட்டருகே கொண்டுபோனேன். கை அங்கேயே நின்றுவிட்டது. அவள் கட்டை விரல் பட்ட மூலை. யோசித்து முடிவு செய்தேன் என்று சொன்னால் பொய். என் உடம்பு எனக்கு முன்னால் முடிவு செய்துவிட்டது. துணியால் துடைத்திருக்கலாம், வேறு மூலையை வைத்துப் பார்த்திருக்கலாம். எதையும் செய்யவில்லை. கண்ணாலேயே ஒரு பக்கத்தைத் தீர்மானித்து, அச்சுப் போட்டு, காய வைத்து, பின்னால் 'கிழக்கு நோக்கி எடுத்தது' என்று எழுதி ஆபீசுக்கு அனுப்பிவிட்டேன். கொஞ்சம் தெளிவில்லாமல் இருக்கிறதே என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, யுத்தகாலத்துக் காகிதம் அப்படித்தான் என்று அடித்துப் பேசினேன்.

அடுத்த ஐப்பசியில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டி, மதகை ஒட்டி இரண்டு கரைகளும் உடைந்தன. படிகள் அடியோடு பிடுங்கிக்கொண்டு போயின. வெள்ளம் வடிந்த மறுநாளே, தென்கரையில் தோட்டம் வைத்திருந்த ஊர் மிராசுதார் வீட்டு வண்டிகள் வந்து சிதறிக் கிடந்த வெட்டுக்கற்களை அள்ளிப் போய்விட்டன. மிச்சத்தை வண்டல் மூடியது. ஓவர்சீயரை அதற்குள் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்த ஆபீசர், படி எங்கே இருந்ததோ அங்கேயே திரும்பக் கட்டித் தருகிறேன் என்றார். எங்கே இருந்தது? தென்கரையில், எங்கள் பக்கம் என்றார் மிராசுதார். ஊரில் இருபது பேர் ஆமாம் என்றார்கள். சேரிப் பெண்கள் குடம் முக்கின தண்ணீர் அதற்குக் கீழே தன் தோட்டத்துக்குப் பாய்கிறதே என்பது அவருடைய வருத்தம். அந்த வாய்க்காலை வெட்டின கை ஆகும், அதில் மொள்ளுகிற கை ஆகாது. என்ன நியாயமோ! பிளானில் படியே இல்லை. ஆபீசர் பைலைப் புரட்டி எங்கள் படத்தை எடுத்தார். கிழக்கு நோக்கி எடுத்த படத்தில் படிகள் வலது பக்கம் இருந்தன. வலது என்றால் தெற்கு. அவர் தன் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டார்.

மேஸ்திரி அந்தப் படத்தைக் காட்டச் சொன்னாளாம். பார்த்துவிட்டு, இந்தப் படம் பொய் சொல்கிறது என்றாளாம். படத்தில் இருக்கிறவளுக்கு வலது கையில் விரல் இல்லை, எனக்கு இடது கையில் இல்லை, பாருங்கள் என்று ஆபீசர் மூக்குக்கு நேரே கையை நீட்டியிருக்கிறாள். அது வேறு யாரோ, மங்கலான படத்தில் எந்த விரலைக் கண்டார்கள் என்று மிராசுதாரின் ஆட்கள் சிரித்தார்கள். ஆபீசருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. படத்தில் இடம் வலம் மாறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும், இத்தனாம் தேதி வாய்க்காலுக்குப் பிளேட்டோடு வரவும் என்று எங்களுக்குக் கடிதம் எழுதினார்.

கடிதத்தைப் படித்ததும் பெட்டியிலிருந்து பிளேட்டை எடுத்து வெயிலில் சாய்த்துப் பிடித்தேன். மருந்துப் பக்கத்தில் உருவங்களின் விளிம்பு மிக லேசாகப் புடைத்திருக்கும். நிதானமாகப் பார்த்தால் தெரியும். தெரிந்தது. நான் பக்கம் மாற்றி அச்சுப் போட்டிருந்தேன். அப்போதும் உதட்டில் வைத்துப் பார்க்கவில்லை. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அன்று மாலையே மிராசுதார் ஸ்டுடியோவுக்கு வந்தார். அவர் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் நாங்கள்தான் படம் எடுப்போம். கோபமாகப் பேசவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்துவிட்டு, "கண்ணாடிதானப்பா, ஒடைஞ்சு போச்சுன்னு சொல்லிடு. கண்ணாடி ஒடையறது புதுசா?" என்றார். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மிராசுதார் போன பிறகு இவர் பிளேட்டை மேஜை விளிம்பில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தட்டினால் விழும், அப்படி ஒரு விளிம்பு. அந்த மனிதரை நான் குற்றம் சொல்லமாட்டேன். தப்பு செய்தவள் நான், தொழில் போவது அவருக்கு. பொம்பளையை இருட்டறைக்குள் விட்டால் இப்படித்தான் ஆகும் என்று ஊரே சிரிக்கும், சர்க்கார் வேலையும் போய்விடும் என்று மெதுவாகச் சொன்னார். சிரித்துவிட்டுப் போகட்டும், நானே எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன். பிளேட்டை ஒரு பழைய வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். குறிப்பிட்ட நாளில் விடியும்போது பக்கத்து ஊருக்குப் போகிற ஒரு வண்டியில் ஏறிவிட்டேன். வண்டி குலுங்கின ஒரு குலுக்கலில் விழுந்ததுதான் அந்த ஓரத்து விரிசல்.

உடைந்த மதகின் மேல் ஆபீசர் குடையோடு நின்றார். தெற்கே ஊர்க்காரர்கள், வடக்கே சேரி ஜனம். நடுவில் மேஸ்திரி. என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் நம்பிக்கையும் இல்லை, பயமும் இல்லை. நான் வேட்டியைப் பிரித்ததும் ஆபீசர் கேட்பதற்கு முன்பே அவள் பிளேட்டை வாங்கி, அன்றைக்கு மாதிரியே வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். இந்தத் தடவை நேராக வாங்கினேன். மருந்துப் பக்கம், கண்ணாடிப் பக்கம் இரண்டையும் ஆபீசருக்கு விளக்கினேன். எது எது என்று எப்படித் தெரியும் என்றார். அத்தனை பேர் பார்க்க, அவள் விரல் இப்போதுதான் பட்டிருந்த அந்த மூலையை என் உதட்டில் வைத்தேன். ஒட்டிக்கொண்டு வந்தது. ஊர்க்காரர்கள் பக்கத்திலிருந்து யாரோ சீ என்றார்கள். என் பெரியப்பா மகனும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். ஆபீசர் தன் விரலை நனைத்து இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தார். கண்ணாடிப் பக்கம் தன்னைப் பார்க்கும்படி பிளேட்டைப் பிடித்து, கிழக்கே திரும்பி நின்றார். படிகள் இடது பக்கம் வந்தன. மேஸ்திரியின் இடது கையில் மூன்று விரல்கள். தன் நோட்டில் எழுதிய வரியை அடித்துவிட்டு, 'வடகரை' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

பிறகு என்னைப் பார்த்து, இவ்வளவு சுலபமான காரியத்தை முதல் தடவை ஏன் செய்யவில்லை என்று கேட்டார். இருட்டு, அவசரம், காகிதம் மோசம் என்று எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். மிராசுதாரே அப்படித்தான் எதிர்பார்த்திருப்பார். நான் உள்ளதைச் சொன்னேன். இந்த அம்மாள் கை பட்ட கண்ணாடி என்று வாயில் வைக்கவில்லை, அதனால்தான் தப்பு நடந்தது என்றேன். சொல்லும்போது பெரிய காரியம் செய்துவிட்டதாக உள்ளுக்குள் ஒரு நிமிர்வுகூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஆபீசர் வேறு எங்கோ பார்த்தார்.

மேஸ்திரி என் பக்கம் திரும்பினாள். அவள் சத்தம் இல்லாமல் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"அன்னைக்கி நான் குளிச்சுட்டுத்தான் ஆயி வந்தேன்" என்றாள். "படம் பாக்கப் போறோம்னு, விடியக் காலையில ஊத்துத் தண்ணியில."

நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவள் நிற்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வடகரைச் சேற்றில் முழங்கால் புதைய இறங்கினாள். கீழே போய் நின்று காலை ஊன்றி, அந்த மூன்று விரல் கையை ஆபீசரை நோக்கி உயர்த்தினாள்.

"மொதக் கல்லு இங்க."